பியானோவின் காகிதச் சுருள் நொண்டியபோது

சோமனூர்ப் பக்கம் விசைத்தறிகளைப் பழுது பார்ப்பதே என் தொழில். ஆர்மோனியத் துருத்தியைத் தவிர வேறெந்தக் காற்றுக் கருவியையும் தொட்டிராத என்னை, கோவையில் ஓர் அம்மா தம் வீட்டுத் தானியங்கிப் பியானோவைப் பார்க்க அழைத்தார். வால்பாறைத் தோட்டத்துப் பங்களா ஒன்றிலிருந்து அவருடைய மாமனார் வாங்கி வந்தது அது. "கெட்டியா மிதிச்சா ஓடுதுங்க, மெதுவா மிதிச்சா நொண்டுதுங்க" என்றார்.

மிதிபலகைகள் உறிஞ்சும் காற்றுக்கு அதில் இரண்டு வேலைகள் உண்டு. 11¼ அங்குல அகலக் காகிதத்தின் துளைகள் வழியே கட்டைகளை இயக்குவது ஒன்று. அந்தக் காகிதத்தையே இழுத்துச் சுற்றும் காற்று மோட்டாரை ஓட்டுவது மற்றொன்று. இவருடைய கருவியின் மோட்டாரில் ஐந்து சிறு துருத்திகள் ஒரே கிராங்கைச் சுழற்றின. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு மரச் சறுக்குப் பலகை, நீராவி எஞ்சினில் இருப்பதைப் போல, உறிஞ்சலையும் வெளிக்காற்றையும் மாற்றி மாற்றித் திறந்துவிடும்.

தறிக்காரன் என்பதால் என் ஐயம் முதலில் பிரேக்கின் மேல்தான் விழுந்தது. பாவு உருளையைக் கயிறும் எடைக்கல்லும் பிடித்துக்கொள்வதைப் போல, இங்கும் சுருள் தளராதபடி ஒரு சிறு பிரேக் பிடிக்கிறது. அதைத் தளர்த்தியதும் காகிதம் தொளதொளத்தது, நொண்டலோ போகவில்லை. பின்னோக்கிச் சுற்றும்போது சுருள் விரைந்து ஓடியதைக் கண்டு மோட்டார் நன்றாக இருக்கிறது என்று நம்பி, மோட்டாரின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் என்ற பகுதியின் ஸ்பிரிங்கைத் திருகிப் பார்த்ததில் அரை நாள் வீணாயிற்று. பின்சுற்றில் உறிஞ்சல் கவர்னரைத் தாண்டி முழு வலிவோடு மோட்டாருக்கு வருவதால், சிறு கசிவு அப்போது வெளியே தெரியாது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

மோட்டாரைச் சுருளோடு இணைக்கும் செயினைக் கழற்றிவிட்டு, வேகக் கைப்பிடியைக் குறைந்த எண்ணில் வைத்து மோட்டாரை மட்டும் ஓட்டியபோது, கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தயங்கியது. துருத்திகளை ஒவ்வொன்றாக மூடி, அதன் காற்றுத் துளையை விரலால் அடைத்து இழுத்துப் பார்த்தேன். நான்கு பிடித்துக்கொண்டன, மூன்றாவது எளிதாகத் திறந்தது. மடிப்பில் துணி வெடித்திருந்தது.

அதைவிட என்னை வருத்தியது சறுக்குப் பலகைகள்தான். முன்பு எவரோ அவற்றுக்கு எண்ணெய் விட்டிருந்தார்கள். எண்ணெயில் ஊறிய மரம் தூசியைப் பிடித்து மெழுகாகிக் கிடந்தது. இந்தப் பலகைகளுக்கு எண்ணெய் ஒருபோதும் ஆகாது. கண்ணாடித் தகட்டின் மேல் நுண்ணிய உப்புத்தாளை விரித்து, அவற்றின் முகம் சமதளமாகும் வரை பொறுமையாகத் தேய்த்து, உலர்ந்த கிராஃபைட் தூளை மட்டும் பூசினேன். துருத்திக்கு ரப்பர் பூசிய மெல்லிய துணியை வச்சிரப் பசையால் ஒட்டினேன். அடுத்து வருபவர் வெந்நீரும் சூடும் கொண்டு மரம் கிழியாமல் பிரிக்க அதுதான் இடம் கொடுக்கும்.

கவர்னரைக் கடைசியில் சரிசெய்தேன். கைப்பிடி 70-இல் நின்றால் காகிதம் ஒரு நிமிடத்தில் 7 அடி நகர வேண்டும். பழைய சுருள் ஒன்றில் பென்சிலால் இரு கோடுகள் இட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி ஸ்பிரிங்கைச் சிறிது சிறிதாகத் திருகினேன். பிறகு அம்மாவையே மிதிக்கச் சொன்னேன். முதலில் கெட்டியாக மிதித்தார், பின் மெதுவாக மிதித்தார்; இரண்டு முறையும் 60 நொடியில் இரண்டாம் கோடு வந்து சேர்ந்தது.