கரிசல் மண்ணின் மேல் செங்கல் தரை: அனுபவம் உள்ளவர்கள் உதவவும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். திருமங்கலம் பக்கத்தில் உள்ள எங்கள் ஓட்டு வீட்டில், 12-க்கு 10 அடி அறை ஒன்றின் சிமெண்டுத் தரை வெடித்துப் பெயர்ந்துவிட்டதால், டைல்ஸ் ஒட்டாமல் நாட்டுச் செங்கலைப் படுக்கைவாட்டில் பரப்பி நானே தரை போட எண்ணியிருக்கிறேன். 9 அங்குல நீளமும் 4.5 அங்குல அகலமும் உள்ள கல் என்றால், உடைசலையும் சேர்த்து 450 கல் போதும்.

என் கவலையெல்லாம் அடியில் உள்ள கரிசலைப் பற்றியது. மழையில் உப்பி, கோடையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும் இந்த மண்ணை ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டியெடுத்து, செம்மண் கிராவல் நிரப்பித் திமிசுக்கட்டையால் இறுக்கி, அதன் மேல் 2 அங்குலம் மணல் விரித்தால் தரை அசையாமல் நிற்குமா, அல்லது இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டுமா? கான்கிரீட் போடாமல் முடியாது என்கிறார் கொத்தனார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

கல் இடுக்குகளில் வெறும் மணலைக் கூட்டித் தள்ளலாமா, சுண்ணாம்புச் சாந்து நிரப்ப வேண்டுமா? மணல் மட்டும் என்றால் கரையான் ஏறிவிடும் என்று அம்மா அஞ்சுகிறார். மேலே ஆளிவிதை எண்ணெய் பூசியவர்கள், எத்தனை பூச்சு தேவைப்பட்டது, குழம்பு சிந்தினால் கறை பிடிக்கிறதா என்பதையும் தெரிவிக்கவும். ஒரு மழைக்காலமாவது கடந்த தரையின் படத்தோடு எழுதினால் பேருதவியாக இருக்கும்.