அப்ரோடைட்டி ஹோஸ்டா முழுதாக மலர்ந்து பார்த்தவர்கள் உண்டா?

மிசிசாகா, கனடா

ஹோஸ்டா எனும் நிழற்செடிகளில், மணக்கும் வெள்ளைப் பூ விடும் பிளான்டஜீனியா இனத்தின் அடுக்குப் பூ வகைதான் அப்ரோடைட்டி. அரும்பு கட்டியும் மலர மறுக்கும் அதன் பிடிவாதம் இங்குள்ள எல்லோரும் அறிந்ததே. ஆகவே முன்கதையைத் தவிர்க்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் பூந்தண்டு உயர்ந்தது, அரும்புகள் விரல் நீளத்துக்கு வெண்மையாகத் திரண்டன, அவற்றுள் ஒன்றின் நுனி சற்றே பிளக்கவும் செய்தது. அந்தப் பிளவுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருந்த இதழ்களின் விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. மூக்கை அருகே கொண்டு சென்றபோது மணமும் லேசாக எழுந்தது. அதற்கு மேல் ஒரு நூலளவும் அது விரியவில்லை. சில நாட்களில் காம்பு மஞ்சளாகி, தொட்டவுடன் அரும்பு கையோடு வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஒற்றை இதழ் பிளான்டஜீனியா எந்தத் தொல்லையுமின்றிப் பூக்கிறது என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. முழுதாக மலர்ந்ததைக் கண்டவர்கள் சொல்லுங்கள்.

நியூ ஜெர்சி

என்னிடம் இருப்பது ஒற்றை இதழ்தான். மேப்பிள் மரத்தடியில் இருந்தவரை இலைகளை மட்டுமே தந்துகொண்டிருந்த செடி, காலை வெயில் படும் கிழக்குச் சுவரோரம் மாற்றிய பின்புதான் பூந்தண்டு விட்டது. மற்ற ஹோஸ்டாக்கள் காலையில் மலர, இது மட்டும் வெயில் சாய்ந்த பிறகே கட்டவிழும். ஒரு மாலை குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துச் செல்லும் வழியில், கண்ணெதிரே ஓர் அரும்பு விரிவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். இருட்டியதும் பருந்து அந்துப்பூச்சி ஒன்று வந்து, அமராமல் அந்தரத்தில் நின்றபடியே, பத்து சென்டிமீட்டருக்கும் மேல் நீளமுள்ள அந்தக் குழலுக்குள் தன் உறிஞ்சுகுழலைச் செலுத்தியது. மணம் எங்கள் ஊர்ச் சம்பங்கியைப் போலவே இருந்தது. நிழற்செடி என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். மணக்கும் ஹோஸ்டாவுக்கு வெயில்தான் முக்கியம்.

சரே, இங்கிலாந்து

முந்தைய நண்பர் வெயில் என்கிறார். எங்கள் ஊரில் வெயில் இருந்தாலும் சூடு இருப்பதில்லை. தெற்குச் சுவரை ஒட்டித் தொட்டியில் வைத்த பிறகும் என் பிளான்டஜீனியா செப்டம்பர் நடுவில்தான் அரும்பு கட்டியது. முதல் பூ விரிந்த மறுநாள் காலையில் பூந்தண்டின் பாதியை ஓடில்லா நத்தைகள் மழித்திருந்தன, வெள்ளி நிறக் கோழைத் தடம் மட்டும் மிச்சமிருந்தது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். நத்தைகளைக் கொல்லும் மெட்டால்டிஹைடு மருந்தைத் தோட்டத்தில் பயன்படுத்த 2022 முதல் இங்கே தடை உள்ளது. செம்புப் பட்டை, முட்டை ஓடு, சரளை ஆகியவற்றைச் செடியைச் சுற்றி இடுவதால் பயன் தென்படவில்லை என்று ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் 2018 ஆய்வு கூறிவிட்டது. ஆயினும் கடைகளில் அவை தாராளமாக விற்கின்றன. மண்ணின் வெப்பம் 5 பாகை செல்சியஸைத் தாண்டியதும், நத்தைகளைத் தாக்கிக் கொல்லும் நூற்புழுக்களை நீரில் கலந்து ஊற்றுவதும், இரவில் கைவிளக்குடன் சென்று பொறுக்குவதும், இரும்பு பாஸ்பேட் குருணையை அளவாகத் தூவுவதுமே பலன் தருகின்றன. இவ்வளவும் வேண்டாம் என்பவர்கள் சோ ஸ்வீட், ராயல் ஸ்டாண்டர்டு போன்ற கலப்பினங்களை நடலாம்; பிளான்டஜீனியாவின் மணம் அவற்றிலும் உண்டு, பூவும் முன்னதாகவே வரும்.

அட்லாண்டா, ஜார்ஜியா

சூடு போதாமல்தான் பூக்கவில்லை என்றால், எங்கள் ஊரில் எல்லாச் செடிகளும் பூத்துக் குலுங்க வேண்டுமே! இங்கே மாலை வெயில் குவாகமோலி என்ற மணக்கும் ஹோஸ்டா வகையின் இலை விளிம்புகளைக் காகிதமாகப் பொரித்துவிடுகிறது. ஹோஸ்டாக்களிலேயே வெப்பத்தை அதிகம் தாங்குவது பிளான்டஜீனியா இனம்தான். அதற்கும் தண்ணீர் குறைந்தால் அரும்பு உதிர்கிறது. என்னுடைய வருத்தம் வேறு. அரும்புகள் தடித்து, மறுநாள் விரியும் என்று காத்திருந்த இரவில், மான் வந்து பூந்தண்டுகளை மட்டும் கத்தரித்தாற்போல் கடித்துத் தின்றுவிட்டுப் போனது. இலைகளைத் தொடவே இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: கோடையின் நடுவில் தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள், இலை பெருகுமே தவிர பூ வராது.

மிசிசாகா, கனடா

நத்தையையும் மானையும் பற்றி நான் கேட்கவே இல்லை என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன். குவாகமோலிக்கும் ராயல் ஸ்டாண்டர்டுக்கும் ஒற்றை இதழ்கள். அவை மலர்வதில் சிக்கலே கிடையாது. என் கேள்வி அடுக்குப் பூவைப் பற்றியது.

பெய்ஜிங்கில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர்

நான் பார்த்திருக்கிறேன். பெய்ஜிங் பூங்காக்களில் மரங்களின் கீழே, நல்ல நிழலில், பிளான்டஜீனியாவைப் பாத்தி பாத்தியாக நட்டிருப்பார்கள். வெயில் இன்றிப் பூக்காது என்ற நியூ ஜெர்சி நண்பரின் தீர்ப்பு அங்கே செல்லாது. எங்கள் குடியிருப்பில் அடுக்குப் பூவும் ஒரு தூர் இருந்தது. அதன் வெளி இதழ்கள் பின்னோக்கி வளைந்த பிறகும் உள் இதழ்கள் கசங்கிய துணியாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவையும் பிரிந்து முடிய இரவு வெகுநேரமானது. அங்கே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கடும் புழுக்கமும் நல்ல மழையும் சேர்ந்தே வருகின்றன. அட்லாண்டாக்காரர் தண்ணீர் என்கிறார், சரேக்காரர் சூடு என்கிறார். அடுக்குப் பூவுக்கு இரண்டும் ஒரே வாரங்களில் தேவை. நிறைய இதழ்களைத் திரட்டிப் பிரிக்க வேண்டியிருப்பதால், இரவுக் குளிர் முந்திக்கொண்டாலும், மண் ஒரு முறை காய்ந்தாலும் அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. மிசிசாகா சகோதரி, உங்கள் ஊரில் செப்டம்பர் இரவுகள் குளிர்ந்துவிடுமாதலால், செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றி, வசந்தத்தில் சீக்கிரமே வெதுவெதுப்பான இடத்தில் வைத்து வளர்ச்சியை முன்தள்ளுங்கள். குளிர்கால உறக்கம் அதற்குக் கட்டாயம் என்பதால் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். சூடேற்றாத கார் கொட்டகை போதும். அரும்பு தென்பட்டதிலிருந்து மேல்மண் காயும் முன்பே நீர் ஊற்றுங்கள். அப்படியும் அக்டோபர் குளிர் முந்திக்கொண்டால், பக்கத்து வீட்டாரிடம் ஒற்றை இதழில் ஒரு தூரைப் பிரித்துக் கேட்டு வாங்கிவிடுங்கள்.