செங்கோட்டை ஆச்சி வீடு

மணி: ஆச்சியின் செப்பில் இருந்த காசுகளை நேற்று தென்காசியில் ஒரு கடையில் காட்டினேன். ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் நான்கு. முகம் தேய்ந்துவிட்டது, எடைக்குத்தான் எடுப்பேன் என்றார். ஞாயிறு பதினாறு முடிந்ததும் கொடுத்துவிட்டு எல்லோருக்கும் பிரிக்கலாமா?

கோமதி அத்தை: செப்பை யார் திறக்கச் சொன்னது?

மணி: அம்மாதான் சாவி தந்தாள் அத்தை

புனலூர் அத்தை: சாவி மதினியிடமா இருந்தது? எனக்குத் தெரியாதே

மணி: [படம்]

பாபு கொல்லம்: அத்தான், அங்கியில் இருப்பது பன்றி மாதிரி இருக்கிறது! பன்றி ரூபாய்! லட்சக்கணக்கில் போகும் என்று வீடியோ பார்த்தேன்

செல்வி: லட்சமா??

புனலூர் அத்தை: பாபு, ஞாயிறு ரயிலா, ஆரியங்காவு பஸ்ஸா? சொல்லவே இல்லை

சங்கரன் சித்தப்பா: பாபு, பன்றி ரூபாய் 1911 மட்டும்தான். ஐந்தாம் ஜார்ஜ் அங்கியின் மேல் சங்கிலியில் யானை உண்டு. அந்த வருட அச்சில் அது பன்றி போலத் தெரிகிறது என்று பேச்சு கிளம்பியதால், வெளியே விடாமல் இருந்ததை உருக்கிவிட்டு 1912இல் யானையைத் திருத்தினார்கள். நம்முடையது 1918. பன்றி அச்சிலேயே இருந்த கோளாறு, அந்த வருடக் காசு எல்லாவற்றிலும் இருக்கும். நம் யானை மொழுக்கென்று இருப்பதற்குக் காரணம் வேறு.

செல்வி: அப்போ லட்சம் இல்லை

சங்கரன் சித்தப்பா: இல்லை. ஆனால் மணி, எடைக்குக் கொடுத்துவிடாதே. 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. உருக்கினால் அவ்வளவுதான். தேய்ந்த காசு வேறு, அடி சரியாக விழாத காசு வேறு. வெள்ளி வில்லையை இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்து அழுத்தும்போது உலோகம் அச்சின் பள்ளத்துக்குள் ஏற வேண்டும். அழுத்தம் குறைந்தாலும், அச்சுகளுக்கு இடையில் இடைவெளி கூடினாலும், ஆழமான பள்ளம் நிறையாது. அந்த இடம்தான் காசில் மேடு. அதனால் மீசை, காது, யானை எல்லாம் தட்டையாக நிற்கும். பார்த்தால் நாற்பது வருடம் சந்தையில் புரண்ட காசு போலவே இருக்கும். கடைக்காரரும் ஏமாந்திருக்கலாம்.

மணி: எப்படிக் கண்டுபிடிப்பது சித்தப்பா

சங்கரன் சித்தப்பா: ராத்திரி ஒரே ஒரு பல்பு போட்டு, காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய். அடி விழும்போது உலோகம் ஓடிய தடத்தில்தான் அந்தப் பளபளப்பு பிறக்கிறது. புழங்காத காசில் வெளிச்சம் வண்டிச் சக்கரம் சுற்றுகிற மாதிரி சுற்றும். தட்டையான இடத்திலும் மினுக்கம் உயிரோடு இருந்தால் அது வீக் ஸ்ட்ரைக், அதாவது அடி சரியாக விழாத காசு. மேடு மட்டும் மங்கி வேறு நிறமாக நின்றால் தேய்மானம். விரல் முகத்தில் படக்கூடாது.

கோமதி அத்தை: கைபடாத காசு என்று அம்மா எத்தனை முறை சொன்னாள். எல்லோரும் சிரித்தீர்கள்

சங்கரன் சித்தப்பா: நானும் சிரித்திருக்கிறேன் அக்கா

பாபு கொல்லம்: வீக் ஸ்ட்ரைக் என்றால் விலை கூடுமா மாமா?

சங்கரன் சித்தப்பா: கூடாது. நன்றாக அடி விழுந்த காசைவிடக் குறைவுதான். காசின் தரத்துக்கு கிரேடு என்று 1 முதல் 70 வரை எண் போடுவார்கள். புழங்கியது என்றால் 60க்குக் கீழே. புழங்காதது என்றால் அடி மோசமானாலும் 60 அல்லது அதற்கு மேல், ஆனால் உச்சிக்குப் போகாது. உதாரணத்துக்கு, அமெரிக்காவில் 1945ஆம் வருடப் பத்து சென்ட் ஒன்று. பின்பக்கம் கழிகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு, அதைச் சுற்றிப் பட்டை. சாதாரணமாக மலிவான காசு. நடுப்பட்டை இரண்டாகப் பிரிந்து தெளிவாக விழுந்திருந்தால் அதே காசுக்குப் பல மடங்கு கொடுக்கிறார்கள்.

செல்வி: செப்பில் பொடிப்பொடியாக வெள்ளி கிடக்கிறதே, அது?

சங்கரன் சித்தப்பா: அது சக்கரம், திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துக் காசு! நம் ஊர் 1949 வரை திருவிதாங்கூர், அப்புறம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சிதானே. 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். கையால் அடித்தவை, அச்சு முழுதும் அந்தக் குட்டி வில்லையில் விழாது. அதில் படம் நடுவில் விழுந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். ரூபாய்க்குப் பார்ப்பது போல் பார்க்கக்கூடாது. அம்மாவின் மாமியார் குழி போட்ட பலகையில் கொட்டி, ஆட்டி எண்ணுவார்களாம். அந்தப் பலகை எங்கே?

புனலூர் அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோமதி அத்தை: நீக்க வேண்டாம், படித்துவிட்டேன். உனக்கு எப்போது கொடுத்தாள்?

புனலூர் அத்தை: பாபு பிறந்தபோது. மதினிக்குத் தெரியும்

மணி: அம்மாவைக் கேட்கிறேன்

மணி (இரவு 8:40): சித்தப்பா, பல்பு போட்டுப் பார்த்தேன். இரண்டில் வெளிச்சம் மீசை மேலேயும் சுற்றுகிறது!! மற்ற இரண்டும் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன, சுற்றவே இல்லை

புனலூர் அத்தை: அது நான் போன தீபாவளிக்குப் புளி போட்டுத் தேய்த்தது. அம்மா வேண்டாம் என்றாள், கறுத்துக் கிடக்கிறதே என்று தேய்த்துவிட்டேன்

சங்கரன் சித்தப்பா: ஐயோ அக்கா

புனலூர் அத்தை: எனக்கு இதெல்லாம் தெரியாதுடா

சங்கரன் சித்தப்பா: பரவாயில்லை. இரண்டு மிஞ்சியதே. மணி, அதைத் துணியில் கூடத் துடைக்காதே, தனித்தனிக் காகித உறையில் போடு. எனக்கு விற்கவே மனமில்லை

செல்வி: இரண்டு காசு, மூன்று வீடு. யாரிடம் இருக்கும்?

கோமதி அத்தை: செப்பில்தான்

மணி: சாவி?

கோமதி அத்தை: ஞாயிறு பேசுவோம். இலை எத்தனை சொல்ல, இருநூறு போதுமா?

பாபு கொல்லம்: நான் பஸ்ஸில் வருகிறேன். பலகையையும் எடுத்து வரவா அம்மா?