மலேசியா, ஊத்தான் மெலிந்தாங் பக்கம் கோத்தோங் ரோயோங்கில் (கூட்டு உழைப்பில்) ஒரு வீடு: அடித்தளம், ஆள் கணக்கு, சாமான் கணக்கு சொல்லுங்க

கோயில்_இளைஞர் கேட்டது:

வணக்கம். லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய ஒரு குடும்பத்துக்கு எங்கள் கோயில் இளைஞர் பிரிவு வீடு கட்டித் தரப் போகிறது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு பாட்டி. தோட்டத்துக்கு வெளியே பாரிட் (வடிகால் வாய்க்கால்) ஓரமாக 50க்கு 80 அடி நிலம் இருக்கிறது. கெரான் (நிலப் பட்டா) கணவரின் அப்பா பெயரில், அவர் காலமாகிவிட்டார். அவருக்குப் பிள்ளைகள் நான்கு பேர்.

திட்டம் இதுதான்: 24க்கு 30 அடி, முழுக்கல் சுவர் (கூரை வரை செங்கல்), மூன்று அறை, ஜிங் (தகரம்) கூரை. பெருமழையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடம், அதனால் 3 அடி செம்மண் கொட்டலாம் என்று பேச்சு. பெயர் கொடுத்தவர்கள் 60 பேர். நான்கு ஞாயிற்றுக்கிழமையில் முடியுமா? கல், சிமெந்து எவ்வளவு வாங்குவது?

---

கெரான்_பார்த்தாச்சா:

தம்பி, கல் வாங்குவதற்கு முன்னால் கெரானை எடுத்து வையுங்க. இறந்தவர் பெயரில் இருக்கிற நிலத்தில் வீடு கட்டினால், அந்த வீடு நிலத்தோடு சேர்ந்துவிடும். நான்கு பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. இன்றைக்கு நான்கு பேரும் சம்மதம்தான் என்பார்கள். பத்து வருசம் கழித்து ஒருவருடைய மருமகன் வந்து கேட்டால் உங்கள் பிரிவு பதில் சொல்ல முடியாது.

இதற்கு வக்கீல் தேவைப்படாமலும் போகலாம். நிலம் அடங்கிய சிறு சொத்துகளை 1955ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி மாவட்ட நில அலுவலகத்திலேயே பிரிக்கலாம். படிவம் ஏ நிரப்பி, இறப்புச் சான்றிதழ், கெரான் நகல், வாரிசுகளின் அடையாள அட்டை நகல்களோடு கொடுக்கணும். விசாரணைக்கு எல்லா வாரிசும் வரணும், வர முடியாதவர் எழுத்துமூலம் சம்மதம் தரணும். இழுக்கும் வேலை இதுதான். ஆகவே இதை முதலில் ஆரம்பித்துவிட்டு, வரைபடத்தைப் பக்கத்தில் ஓட்டுங்க.

கெரானில் இன்னொன்றும் பாருங்க: நிலத்தின் வகை வேளாண்மையா, கட்டடமா, விதித்த நிபந்தனை என்ன. சிலர் 'எங்க நிலம்' என்று காட்டுவது வருசா வருசம் புதுப்பிக்கிற தற்காலிகக் குடியிருப்பு உரிமமாக இருக்கும். அது கெரான் இல்லை. பெயர் மாற்ற முடியாது, உரிமம் பெற்றவர் இறந்ததும் முடிந்துவிடும். அதில் நிரந்தர வீடு கட்டவே கூடாது.

கட்டட அனுமதி ஊராட்சி மன்றத்தில். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவுப்படி எழுத்துமூல அனுமதி இல்லாமல் கட்ட முடியாது. தனி வீட்டுக்கு ஆயத்த வரைபடம் இருக்கிறதா என்று முகப்பில் கேளுங்க. இருந்தால் செலவு மிச்சம். அறை அளவைச் சுருக்கிவிடாதீங்க: முதல் அறை குறைந்தது 11 சதுர மீட்டர், இரண்டாவது 9.3, மற்றவை 6.5. உயரம் 2.5 மீட்டர். ஜன்னல் பரப்பு, தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு.

வீடு வீடாகவோ பாசாரிலோ (சந்தையிலோ) உண்டியல் தூக்குவதாக இருந்தால் அதற்கும் போலீஸ் அனுமதி வேணும். 1947லேயே சட்டம் இருக்கிறது.

---

கொத்துக்கரண்டி:

3 அடி மண்ணா? வேண்டாம். நம்ம பக்கம் அடியில் இருப்பது கடல் களிமண், பஞ்சு மாதிரி. பக்கத்து ஊரில் தெலுக் இந்தான் கோபுரம் ஏன் சாய்ந்து நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

கணக்கைப் பாருங்க. 24க்கு 30 என்பது 67 சதுர மீட்டர். அதில் 3 அடி மண் ஏறக்குறைய 60 கன மீட்டர், நூறு டன்னுக்கு மேல். நீங்க கட்டப்போகும் முழுக்கல் வீடு, தளத்தோடு சேர்த்து 65, 70 டன்தான். வீட்டைவிட மண்ணே பாரம்! அது சமமாகவும் இறங்காது. பாரிட் பக்கம் அதிகமாக இறங்கும், சுவர் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி வெடிக்கும்.

ஒரு அடி மண் போதும், அதையும் சீக்கிரமே கொட்டி ஒரு மழைக்காலம் விடுங்க. அதன்மேல் ஒரே துண்டாகத் தளம்: 5 அங்குலக் கனம், சுற்றிலும் நடுவில் குறுக்கும் நெடுக்கும் 12 அங்குல அகலம், 18 அங்குல ஆழத்தில் விட்டம். தரைமட்டம் ஏறக்குறைய ஒன்றரை அடி உயர்ந்துவிடும். இது பேச்சுக்கு ஒரு அளவுதான். கம்பியின் கனத்தை இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுச் சொல்லணும். அடித்தளத்துக்குக் கீழே பாக்காவ் கம்பு (சதுப்புநில மரக்கம்பு) அடிக்கச் சொன்னால், கம்பின் தலை எப்போதும் நிலத்தடி நீருக்குக் கீழே இருக்கணும் என்பதைக் கேட்டு உறுதி செய்யுங்க. பாரிட்டை ஆழப்படுத்தித் தண்ணீர் இறங்கினால் தலை காய்ந்து இற்றுப்போகும்.

சுவரில் பாரத்தைக் குறைங்க. முழுக்கல் என்றால் கதவு ஜன்னல் போக சுமார் 125 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 60 கல், சேதாரத்தோடு 7,900 கல்; பூச்சோடு 32 டன். அதையே 3 அடி வரை கல், மேலே இரும்புச் சட்டத்தில் சிமெந்துப் பலகை என்று வைத்தால் 2,800 கல்லோடு முடிந்துவிடும். பழைய தோட்டத்து அரைக்கல் வீடுகள் மாதிரி. பார்க்க ஏழ்மையாக இருக்கும் என்று கமிட்டியில் யாராவது சொல்வார்கள். களிமண்ணுக்கு அந்தக் கௌரவம் தெரியாது.

சமையல்கட்டையும் குளியலறையையும் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று விடவே கூடாது. தனி அடித்தளத்தில் ஒட்டினது தனியாக இறங்கும், இணைப்பில் விரல் நுழையும்.

---

மண்டோர்_பேரன்:

நான்கு ஞாயிறு முடியாது. பத்துப் பன்னிரண்டு வாரம் வையுங்க. ஜூன், ஜூலையில் மழை குறைவு. அக்டோபர், நவம்பரில் தளம் தோண்டினால் மீன் வளர்க்கலாம்.

60 பேரும் ஒரே நாள் வந்தால் 45 பேர் பார்ப்பார்கள். பத்துப் பத்தாக ஆறு குழு பிரித்து, நாளுக்கு ஒரு குழு. கூலிக்கு இரண்டு கொத்தனார் கட்டாயம். நம்ம ஆட்கள் சுமக்க, கலக்க, கம்பி கட்ட, சாயம் அடிக்க. கல் வரிசையைப் புதுக்கையில் கொடுத்தால் பூச்சுச் சிமெந்தில் இரண்டு மடங்கு போகும்.

கயிறு அடிக்கும்போது நான்கு பக்கம் சரியாக இருந்தாலும் மூலை கோணலாக இருக்கும். 24க்கு 30க்குக் குறுக்களவு இரண்டு பக்கமும் 38 அடி 5 அங்குலம் வரணும். மட்டத்துக்கு ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பும்போது உள்ளே ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் அளவு பொய். குழாயை வெயிலுக்கு எதிரே பிடித்து முழு நீளமும் பார்த்துவிடுங்க.

மேலே சொன்ன அளவில் தளத்துக்கு 13.3 கன மீட்டர் கான்கிரீட் வரும், 14 சொல்லுங்க. கையில் கலந்தால் 85, 90 மூட்டை சிமெந்து. ஒரு நாளில் முடியாது, பாதியில் நின்ற கோடு பிறகு தண்ணீர் கசியும் இடம். ஆயத்தக் கலவை லோரி இரண்டு நடை. ஆனால் நிறைந்த லோரி 25 டன்னைத் தாண்டும். வழியில் பாரிட் பாலம் தாங்குமா, தோட்டத்துப் பாதை வழியாக விடுவார்களா என்று மேனேஜரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுங்க. பாலம் சந்தேகமென்றால் சிறிய லோரி கேட்கலாம். கலவை கெட்டியாக இருக்கிறது என்று குழாயைத் திறக்கிறவரைத் தடுங்க; அங்கே ஊற்றின தண்ணீர்தான் பிறகு தூளாக உதிரும்.

தளத்துக்குள் போடும் பிஆர்சி வலை (இரும்புக் கம்பி வலை) 2.2க்கு 6 மீட்டர். ஒட்டுக்கு ஒரு அடி விட்டால், ஒரு அடுக்குக்கு 8 தகடு எடுங்க. அடியில் 2 அங்குலச் சிமெந்துக் கட்டைகள் வையுங்க. ஊற்றும்போது கொக்கியால் தூக்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது, ஆள் மிதித்ததும் வலை தரையோடு படுத்துவிடும். ஏழு நாள் ஈரச் சாக்கு. அந்த வாரம் தண்ணீர் ஊற்ற யார் என்று இப்போதே பெயர் எழுதுங்க.

---

கோயில்_இளைஞர்:

நன்றி அண்ணே. அரைக்கல் முடிவை கமிட்டியில் வைக்கிறேன். ஒயரிங்கும் கழிவுத் தொட்டியும்? எங்களில் ஒருவர் தொழிற்சாலையில் மின் வேலை செய்கிறார்.

---

வயர்மேன்அண்ணன்:

அவர் குழாய் பதிக்க, ஒயர் இழுக்க உதவட்டும். கையெழுத்துப் போடுவது எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன். அவருடைய படிவம் ஜி, படிவம் எச் இல்லாமல் மீட்டர் வராது. பூச்சுக்கு முன்னாலேயே அவரைக் கூப்பிடுங்க. மூடின சுவரைப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னால் மறுப்பார், மறுக்கணும். பிளக் பாயிண்ட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக் காப்பு, சுடுநீர்ப் பெட்டி வைத்தால் அதற்குத் தனியாக 10.

தொட்டி பிளாஸ்டிக் என்றால், குழியில் இறக்கினதுமே உள்ளே தண்ணீர் நிரப்பிக்கொண்டே சுற்றி மணல் போடுங்க. வெறுந்தொட்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், ராத்திரி ஒரு மழைக்கு அது மேலே மிதந்து குழாயையும் பிய்த்துக்கொண்டு கிடக்கும்.