மறு: சார்புப் பாதையா, எச்சப் பாதையா?

அனைவருக்கும் வணக்கம்.

கணினிக் கோப்புப் பாதைகளைப் பற்றிய உதவிப் பக்கம் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். சாய்கோட்டில் (/), அதாவது எல்லா அடைவுக்கும் (ஃபோல்டர்) மேலே உள்ள வேர் அடைவில் தொடங்குவது ‘முழுப்பாதை’. அதில் சண்டை இல்லை. மற்றதற்கு, அதாவது வேரிலிருந்து இல்லாமல் வேறோர் அடைவிலிருந்து எழுதும் ‘ரிலேட்டிவ் பாத்’துக்குத்தான் தமிழ்ப் பெயர் படியவில்லை.

பத்தாம் வகுப்புக் கணக்கில் ‘உறவுகளும் சார்புகளும்’ என்று ஒரு பாடமே இருக்கிறது, அங்கே சார்பு என்றால் ஃபங்ஷன், அதனால் ‘சார்பு’ வேண்டாம் என்கிறார் மன்னார்குடி ஐயா. நியாயம்தான். ஆனால் அவருடைய ‘எச்சப் பாதை’யை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் காக்கையைத்தான் நினைப்பார்கள். இலக்கணமும் இடிக்கிறது. ‘வந்து’ என்ற எச்சம் தன்னை முடிக்கும் சொல்லைப் பின்னால் தேடும். இந்தப் பாதைக்குக் குறைவது முன்பகுதி. புணர்ச்சிதான் பொருந்தும் ஐயா. நிற்கும் அடைவு நிலைமொழி, எழுதிய பாதை வருமொழி. ஒரு படி மேலே போகச் சொல்லும் இரட்டைப்புள்ளி (..) வந்தால் நிலைமொழியின் கடைசி அடைவு உதிர்கிறதே, மரம் + வேர் மரவேர் ஆகும்போது மகரம் கெடுவது போலத்தான். ஆகவே ‘வருபாதை’ என்கிறேன்.

‘ரிலேட்டிவ் பாத்’ என்றே எழுதிவிடலாம் என்கிறார் தஞ்சாவூர் அக்கா. புரியும், சரி. ஆனால் எதற்கு ரிலேட்டிவ் என்று அதிலும் தெரியாதே!

போன வாரம் ஆய்வகத்தில் ஒரு மாணவி தன் நிரலின் அமைவுக் கோப்பில் (கான்ஃபிக்) ‘தரவு/பட்டியல்’ என்று எழுதியிருந்தாள். தன் அடைவில் நின்று ஓட்டினாள், ஓடியது. அதையே, குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டதும் ‘கோப்பு இல்லை’ என்று வந்தது. கிரான் அவளுடைய வீட்டு அடைவிலிருந்து தொடங்குகிறது. நிரலோ நடப்பு அடைவில், அதாவது ஓடும்போது நிற்கும் அடைவில் தேடுகிறது. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் அப்படியில்லை. அதன் அமைவுக் கோப்பில் இன்னொரு கோப்பைச் சேர்க்கச் சொன்னால், அந்த அமைவுக் கோப்பு இருக்கும் அடைவிலிருந்து தேடும்.

நம் ஊர்ப் பக்கம் ‘அடுத்த மதகு’ என்றால் எங்கே நின்று சொல்கிறாய் என்று கேட்பார்கள். கல்லணை, வெண்ணாறு, தென்பெரம்பூர், வடவாறு என்று தலைப்பிலிருந்து சொன்னால் யாரும் கேட்பதில்லை. அதனால் எந்தச் சொல்லை வைத்தாலும், எந்த அடைவிலிருந்து என்பதைப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

இதுவரை நான்கு பேர் ‘சார்பு’. ஐயா ‘எச்ச’த்தை விடுவதாக இல்லை. ‘வருபாதை’க்கு நான் ஒருவன்தான். வெள்ளிக்கிழமைக்கு ‘சார்புப் பாதை’ என்றே அனுப்புகிறேன், முதல் இடத்தில் ‘நடப்பு அடைவைச் சார்ந்தது’ என்ற விளக்கத்தோடு. கரும்பலகையில் மட்டும் ‘வருபாதை’ என்றுதான் எழுதுவேன்.

அப்புறம், நிற்கும் அடைவையும் எழுதிய பாதையையும் சேர்த்து முழுப்பாதை ஆக்கும் வேலைக்கு (ரிசால்வ்) ‘தீர்த்தல்’ வேண்டவே வேண்டாம். கடன் தீர்ப்பது போல இருக்கிறது. வேறு சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.