பாயிண்ட் கார்டா, கேஷ்பேக் கார்டா? மாதம் 24,000 செலவுக்கு எது சரி?

பம்மல்வாசி:
வணக்கம். மூன்று வருடமாக ஒரு பாயிண்ட் கிரெடிட் கார்டு வைத்திருக்கிறேன். 100 ரூபாய்க்கு 4 பாயிண்ட் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். போன வாரம் மாற்றப் போனால் 1 பாயிண்ட் 25 காசு, அதிலும் பாதி காலாவதி. வருடக் கட்டணம் 1,499 மட்டும் தவறாமல் எடுத்துவிடுகிறார்கள். ஏர்போர்ட் லவுஞ்சும் உண்டாம். மீனம்பாக்கம் பக்கத்தில்தான் வீடு, ஆனால் விமானம் தலைக்கு மேல் போவதைப் பார்ப்பதோடு சரி.

மாதச் செலவு: மளிகை, காய்கறி 9,000 (ஜிபே), அமேசான் மாதிரி ஆன்லைன் 5,000, ஸ்விக்கி 1,500, பெட்ரோல் 3,000. பள்ளிக் கட்டணமும் கரண்ட் பில்லும் மாதக் கணக்கில் 5,900 வரும்.

எஸ்பிஐ கேஷ்பேக் கார்டா, அமேசான் பே ஐசிஐசிஐ கார்டா என்று குழப்பம். எது எடுக்கலாம்?

கணக்குப்பிள்ளை:
சார், 4 பாயிண்ட் 25 காசு வீதம் என்றால் 1 சதவீதம்தான். 1,499-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 1,769. அதை மீட்கவே அந்தக் கார்டில் வருடம் 1,76,900 தேய்க்க வேண்டும். முதலில் அதை மூடுங்கள்.

மற்ற இரண்டில், பள்ளி, கரண்ட், பெட்ரோலுக்கு எஸ்பிஐ கார்டில் கேஷ்பேக் கிடையாது. அதனால் இரண்டுக்கும் அவற்றை விட்டுவிட்டே கணக்குப் போட்டேன். பெட்ரோலில் சர்சார்ஜ் தள்ளுபடி என்பார்கள். அது கூடுதலாகப் பிடித்ததைத் திருப்பித் தருவது, லாபம் இல்லை.

எஸ்பிஐ: ஆன்லைன் 6,500-க்கு 5 சதவீதம், மாதம் 325, வருடம் 3,900. கட்டணம் 999, ஜிஎஸ்டியோடு 1,179. மிச்சம் 2,721. வருடம் 2 லட்சம் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி. ஆனால் மளிகை தவிர எல்லாவற்றையும் கார்டில் தள்ளினாலும் உங்களுக்கு 1,84,800 தான் வரும்.

ஐசிஐசிஐ: கட்டணமே இல்லை. ப்ரைம் (அமேசானின் கட்டணச் சந்தா) இருந்தால் அமேசானில் 5 சதவீதம், இல்லாவிட்டால் 3. ஸ்விக்கிக்கு 1 என்று வைத்துக்கொண்டால் ப்ரைமோடு வருடம் 3,180. ப்ரைம் இல்லாமல் 1,980.

ப்ரைம் இருக்கிறதா?

பம்மல்வாசி:
இருக்கிறது அண்ணா. அப்போ ஐசிஐசிஐயா?

அடுப்படி பட்ஜெட்:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். அந்த 5,000 முழுக்க அமேசானா? என் வீட்டுக்காரரும் இப்படித்தான் சொன்னார். ஸ்டேட்மெண்டைப் பிரித்தால் பாதி என் மீஷோ.

பம்மல்வாசி:
அக்கா, இப்போதுதான் மூன்று மாத ஸ்டேட்மெண்டைக் கையில் வைத்துக்கொண்டு பென்சிலால் வட்டம் போட்டேன். அமேசான் சராசரி 2,500. மீதி ஃபிளிப்கார்ட், மீஷோ, குழந்தைக்கு ஒரு துணிக்கடை ஆப்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் கதையே மாறுகிறது. ஐசிஐசிஐயில் 2,500-க்கு 5 சதவீதம் 125, மீதி 4,000-க்கு 40. மாதம் 165, வருடம் 1,980. எஸ்பிஐயின் 2,721 முந்துகிறது. எந்தக் கடையாக இருந்தாலும் ஆன்லைன் என்றால் 5 என்பது உங்கள் பழக்கத்துக்குத் தோது. கேஷ்பேக்கும் ஸ்டேட்மெண்டிலேயே கழிந்துவிடும், பாயிண்ட் மாதிரி துரத்த வேண்டாம்.

பழைய கேஷியர்:
ஒன்றே ஒன்று. பாக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் இந்த இரண்டுமே வேண்டாம். 10,000 ஒரு மாதம் நின்றால் 3.75 சதவீத வட்டி 375, மேலே ஜிஎஸ்டி. உங்கள் மாத கேஷ்பேக் 325. மினிமம் டியூ (பில்லில் போடும் குறைந்தபட்சத் தொகை) கட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பம்மல்வாசி:
முழுத்தொகையும் ஆட்டோ டெபிட் போட்டிருக்கிறேன் ஐயா. அந்தப் பயம் இல்லை. மளிகை 9,000-க்கு ஒரு ரூபே கிரெடிட் கார்டு வாங்கி யூபிஐயில் இணைக்கலாமா?

அடுப்படி பட்ஜெட்:
கடைக்காரர் க்யூஆர் வியாபாரக் கணக்காக இருந்தால்தான் நடக்கும். ஸ்கேன் செய்ததும் கடைப் பெயர் வருகிறதா, ஆள் பெயர் வருகிறதா பாருங்கள். 2,000 வரையிலான தொகைக்குச் சிறு கடைக்காரரிடம் கட்டணமும் பிடிக்க மாட்டார்கள், அதனால் அவரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

பம்மல்வாசி:
சாயங்காலம் பால் வாங்கும்போது பார்த்தேன். அண்ணாச்சியின் மகன் பெயர் வருகிறது. சரி, மளிகை ஜிபேயிலேயே போகட்டும். எஸ்பிஐக்கு விண்ணப்பித்துவிட்டேன், பழைய கார்டை மூடச் சொல்லி மெயிலும் போட்டாயிற்று. மிச்சமிருந்த 1,840 பாயிண்டுக்கு 460 ரூபாய் வருமாம், மாற்ற 99 கேட்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
ஜிஎஸ்டி போனாலும் கையில் 343 நிற்கும். கார்டை மூடுவதற்குள் மாற்றிவிடுங்கள்.