இங்கிலாந்தில் ஒருபாலினத் திருமணம்: போதகர் சரி என்றால் போதுமா?

பதிவு வேலை தெரிந்தவர்:
போதாது. 2013 சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதல் ஒருபாலினத் திருமணங்கள் 2014 மார்ச் 29 அன்று நடந்தன. ஆனால் ஆலயத்தில் நடத்த, முதலில் அந்த மதப் பிரிவின் தலைமை எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். பிறகு கட்டடத்தை இதற்கென்றே பதிய வேண்டும். ஆண்-பெண் திருமணத்துக்கு ஏற்கெனவே பதிவாகி இருந்தாலும் இது தனிப் பதிவுதான். இவ்வளவும் முடிந்த பிறகும் போதகர் மறுக்கலாம். அவர்மேல் பாகுபாட்டு வழக்குப் போட முடியாது.

அடிக்கடி சிக்குவது நோட்டீஸில், அதாவது மணம் செய்யப்போவதாக முன்கூட்டியே கொடுக்கும் அறிவிப்பில். இருவரும் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கொடுக்க வேண்டும். குறைந்தது 28 நாள் காத்திருப்பு. இடத்தின் பெயரும் அதில் இருக்கும். ஆலயம் கைவிரித்து வேறு இடத்துக்கு மாறினால் புது நோட்டீஸ், மறுபடியும் 28 நாள். ஆகவே ஆலயத்தின் பதிவைச் சரிபார்த்த பிறகே நோட்டீஸ் கொடுங்கள்.

மெதடிஸ்ட் சபை உறுப்பினர்:
எங்கள் மாநாடு 2021 ஜூன் 30 அன்று 254-46 வாக்கில் அனுமதித்தது. அதை வைத்து எல்லா மெதடிஸ்ட் ஆலயமும் திறந்துவிட்டது என்று எண்ணி மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். ஒவ்வோர் ஆலயத்திலும் உள்ளூர் பொறுப்பாளர்கள் தனியாக முடிவெடுக்க வேண்டும். திருமணம் ஆண்-பெண்ணுக்கே என்று நம்புவோருக்கும் சபையில் இடம் உண்டு என்று அதே மாநாடு சொன்னது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு இந்தக் கட்டடத் தொல்லை கிடையாது. 2009-லேயே தேசிய அளவில் முடிவெடுத்துவிட்டார்கள், குருவும் இல்லை. வந்திருக்கும் அத்தனை பேரும் சான்றிதழில் கையெழுத்திடுவார்கள்.

ஆங்கிலிக்கன் சபைச் சட்டம் படித்தவர்:
எங்கள் நிலைமை வேறு. பங்கில் (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட பகுதியில்) வசிப்பவர் யாரானாலும் பங்கு ஆலயத்தில் மணம் செய்துகொள்ளும் உரிமை பழைய பொதுச் சட்டத்திலேயே இருக்கிறது. அது ஒருபாலினத்தவருக்கு நீளாது என்று 2013 சட்டம் வெளிப்படையாக எழுதிவிட்டது. இங்கிலாந்துத் திருச்சபைக்குள் சபைச் சட்டத்தின் பி 30 விதியும் திருமணத்தை ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் உரியதாகவே வைத்திருக்கிறது. மனமுள்ள குருவானவரும் அங்கே திருமணம் நடத்த முடியாது. 2023 டிசம்பர் 17 முதல் வழக்கமான ஆராதனைக்குள் தம்பதிக்காக ஜெபிக்கலாம், அவ்வளவுதான். பாதி வழியில் நிற்கிற ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது. இரு தரப்புக்கும் அதில் நிறைவில்லை.

பதிவு வேலை தெரிந்தவர்:
விவாதங்களில் குழப்பிக்கொள்ளும் ஒன்று: நடத்த மறுக்கலாம் என்ற விலக்கு குருமாருக்குத்தான், அரசுப் பதிவாளருக்கு இல்லை. ஒருபாலின இணைவுகளை (சிவில் பார்ட்னர்ஷிப் எனும், திருமணம் அல்லாத சட்டப் பதிவு) பதிய மத நம்பிக்கையைச் சொல்லி மறுத்த லண்டன் பதிவாளர் லிலியன் லடேல், 2013 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் தோற்றார். கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்பேன்.

நம்மவர்களுக்கு ஒன்று. பதிவு அலுவலகத் திருமணத்தில் மந்திரமோ ஜெபமோ சேர்க்க முடியாது. தாலி கட்டும் சடங்கைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் சடங்கை மட்டும் செய்துவிட்டுப் பதிவை ஒத்திப்போடாதீர்கள். லண்டன் உணவகம் ஒன்றில் நிக்காஹ் மட்டும் செய்த ஆண்-பெண் ஜோடியின் வழக்கில், சட்டத்தின் கண்ணில் அது திருமணமே அல்ல என்று 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிந்தால் விவாகரத்து நீதிமன்றத்தில் சொத்தில் பங்கு கேட்கவும் வழி இருக்காது.